கடைசி முறை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நம்மூர்க் கேளிக்கைப் பூங்கா ஒன்று ஆண்டு இறுதியில் நடத்திவந்த செயற்கைப் பனி நிகழ்ச்சியைக் கைவிட்டது பற்றி, இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு வாசகர், எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம், மறுபடியும் நடத்தச் சொல்வோம் என்கிறார். இன்னொருவர், அது அவர்கள் வியாபாரம், காசு வந்தால் நடத்துவார்கள், வராவிட்டால் நிறுத்துவார்கள், இதில் நமக்கு என்ன பேச்சு என்று கேட்கிறார். இரண்டையும் படித்தேன். இரண்டிலும் என் மனதில் இருப்பது வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுத்தியது தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்தியதுதான் தப்பு.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் புரியும். என் அம்மாவுக்கு வயது 79. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர், வாழ்நாளில் பனியைப் பார்த்ததில்லை. என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பூங்காவில் டிசம்பர் மாதம் மட்டும் பகுதிநேர வேலைக்குப் போனான். பனி கொட்டும் முற்றத்தில் துடைப்பத்தோடு நிற்கிற வேலை. கூரை ஓரத்தில் நாலைந்து இயந்திரங்கள் வைத்திருப்பார்கள், ஒரு திரவத்தைத் தண்ணீரில் கலந்து விசிறி வழியாக ஊதினால் நுரை பஞ்சு பஞ்சாகப் பறந்து வரும். நம்மூர் வெக்கையில் அது தரையில் விழுந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும், தரை வழுக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள். அதனால் ஒவ்வொரு காட்சி முடிந்ததும் மஞ்சள் பலகையை வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நனைந்த காலணிக்குள் பழைய தமிழ் முரசு தாள்களைச் சுருட்டித் திணித்து வாசலில் வைப்பான், காலையில் தாள் ஈரமாகியிருக்கும், காலணி காய்ந்திருக்கும். மூன்று டிசம்பர் இப்படிப் போனது.

முதல் வருஷம் அவன்தான் பாட்டியை அழைத்துக்கொண்டு வாங்கம்மா என்று சொல்லி எங்களுக்கு நுழைவுச்சீட்டு எடுத்தான். இயந்திரம் இரைச்சலோடு கிளம்பியதும் அம்மா முதலில் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு நுரைத் துளி அவர் உள்ளங்கையில் விழுந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, “என்னடி இது, சோப்பு வாசம் அடிக்குது” என்றார். நான் சிரித்தேன். “ஆனா நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கை நிறையப் பிடிக்க முன்னால் நகர்ந்து போனார். புடவைத் தலைப்பு, தலைமுடி எல்லாம் வெள்ளை. பக்கத்தில் நின்ற சீனக் குடும்பத்துச் சிறுபெண் ஒருத்தி தன் கையில் இருந்த நுரையை எடுத்து அம்மாவின் தோளில் ஒட்டினாள், அம்மா அவள் மூக்கில் ஒட்டினார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் சோப்புப் பனி.

இரண்டாம் வருஷமும் போனோம். மூன்றாம் வருஷம் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப் போகலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தோம். ஈரத் தரை, கூட்டம், எதற்கு வம்பு, கால் சரியாகட்டும், அடுத்த வருஷம் நடந்தே போகலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மாவும் சரி என்றார்.

அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

எப்படித் தெரிந்தது தெரியுமா? வழக்கமாக செப்டம்பரில் பகுதிநேர வேலைக்கு ஆள் கேட்டு மகனுக்குச் செய்தி வரும். வரவில்லை. அவன் அப்போது தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தான், அவனுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை, ஆனால் அவன் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். அக்டோபர் போனது. நவம்பரில் யாரோ மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, “இந்த வருஷம் இல்லையாம், மேலே முடிவு பண்ணிட்டாங்க” என்று பதில் வந்தது. இணையத்தளத்தில் தேடினேன், பழைய பக்கத்தைத் தட்டினால் முகப்புக்குக் கொண்டுபோய் விட்டது. தொலைபேசியில் அழைத்தேன். மிக மரியாதையாகப் பேசிய ஓர் இளம்பெண், தற்போதைக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி திட்டமிடப்படவில்லை என்றார். நிரந்தரமாக நின்றுவிட்டதா என்று கேட்டேன், அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். அவர் மேல் கோபமில்லை, அவருக்குக் கொடுத்த வாக்கியம் அது. ஆனால் நாங்கள் ஆகஸ்டில்தான் குடும்பத்துக்கு ஆண்டு அனுமதி அட்டையைப் புதுப்பித்திருந்தோம், டிசம்பரை நினைத்துத்தான் புதுப்பித்தோம். ஆகஸ்டில் பணம் வாங்கிக்கொண்டபோது அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்காதா?

தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இந்த மாதிரி நிகழ்ச்சி ஒரே மாதத்தில் முளைப்பதில்லை. அலங்காரப் பொருள்களைக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும், இயந்திர வாடகைக்குச் சொல்ல வேண்டும், ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். செப்டம்பரில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் வருஷத்தின் பாதியிலேயே நடத்துகிறோமா இல்லையா என்ற முடிவு வந்திருக்க வேண்டும். முடிவெடுத்த அன்றைக்கே நமக்கும் சொல்வதில் என்ன நட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

வியாபாரம், நமக்கென்ன பேச்சு என்று எழுதிய வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வியாபாரமாகவே பார்த்தாலும் சொல்லிவிட்டு முடிப்பதுதான் லாபம். 2016-ல் செந்தோசாத் தீவின் அண்டர்வாட்டர் வோர்ல்ட் மீன்காட்சியகம் மூடப்பட்டது நினைவிருக்கும். 1991-ல் திறந்து 25 வருஷம் நடந்த இடம். ஜூன் 26-ஆம் தேதிதான் கடைசி நாள் என்று மூன்று வாரத்துக்கு முன்னமே அறிவித்தார்கள், அதோடு நுழைவுக் கட்டணத்தை 1991-ல் இருந்த விலைக்கே இறக்கினார்கள், பெரியவர்களுக்கு 9 வெள்ளி, பிள்ளைகளுக்கு 5 வெள்ளி. மூன்று வாரம் போதாது என்று அப்போதே தோன்றியது, ஆனாலும் சொன்னார்கள், பழைய விலையில் கதவைத் திறந்து வைத்தார்கள், மக்களும் கூட்டமாகப் போனார்கள். ஜூரோங் பறவைப் பூங்காவும் அப்படித்தான். 1971 ஜனவரி 3-ல் திறந்தது, சரியாக 52 வருஷம் கழித்து 2023 ஜனவரி 3-ல் மூடியது. பறவைகள் மண்டாய்க்கு இடம் மாறப் போகின்றன என்பது ஊருக்கே தெரியும், கடைசி நாள் எது என்பதும் பல மாதம் முன்பே தெரியும். எங்கள் புளோக்கில் கீழ்வீட்டுத் தாத்தா, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனைவியோடு அங்கே போனவர், பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் அந்த அருவிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படம் இப்போது அவர் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பூங்காவைப் பற்றி ஒரு குறையும் சொல்லிக் கேட்டதில்லை. மூடியது அதே மாதிரி மூடல்தான், அவருக்கு நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதெல்லாம் முழு இடத்தையே மூடுவது, ஒரு நிகழ்ச்சியை நிறுத்துவதற்கு இவ்வளவு சடங்கு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்றுதான் சொல்வேன். சொல்லப்போனால் நிகழ்ச்சிக்குத்தான் இன்னும் அதிகம் வேண்டும். கட்டடம் மூடினால் கண்ணுக்குத் தெரியும், வேலி போடுவார்கள், இடிப்பார்கள். நிகழ்ச்சி நின்றால் ஒன்றும் தெரியாது, டிசம்பர் மட்டும் சும்மா கடந்து போகும்.

அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்பவர், மகள் ஆசைப்பட்டாள் என்று 1986-ல் தன் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் விளக்குப் போட ஆரம்பித்தார். வருஷா வருஷம் பெருகிப் பெருகி லட்சக்கணக்கான விளக்காகி, வேடிக்கை பார்க்க வரும் வண்டிகளால் தெருவே அடைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டது. அந்த விளக்குகளை 1995-ல் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்கா கொண்டுபோய் வைத்து, ஆண்டு இறுதி நிகழ்ச்சியாகவே நடத்தியது. கடைசியில் 50 லட்சம் விளக்குகள். பூங்காவுக்குள் அந்த விளக்குகள் இருந்த தெருவையே இடித்துப் புதிய பகுதிகள் கட்ட முடிவானபோது, 2015 சீசன் தொடங்குவதற்கு முன்பே இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். 2016 ஜனவரி முதல் வாரத்தோடு அணைந்தது. நிறுத்தியதில் எத்தனையோ பேருக்கு வருத்தம், ஆனால் வேண்டியவர்கள் பிள்ளைகுட்டிகளோடு போய்க் கடைசியாக ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

அதே நிறுவனத்திடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1972-ல் தொடங்கிய மின்விளக்கு ஊர்வலத்தை 1996-ல் நிரந்தரமாக முடிக்கிறோம் என்று பெரிதாக விளம்பரம் செய்து, ஊர்வல வண்டியின் பல்புகளைக்கூட நினைவுப் பொருளாக விற்றார்கள். ஐந்து வருஷத்தில் அது பக்கத்துப் பூங்காவில் ஓடியது. பிறகு 2017-ல் பழைய இடத்துக்கே திரும்ப வந்தது. பார்க்கக் கிடைத்தவர்களுக்குச் சந்தோஷம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி, கடைசி என்று சொல்லிச் சீட்டு விற்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், அடுத்த தடவை கடைசி என்று சொல்லும்போது யார் நம்புவார்கள்? உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கடைசி என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதிலும் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்படிச் சொல்லி நடந்துகொண்டதற்கு நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. யுனிவர்சல் ஸ்டூடியோசில் அக்டோபர் மாதம் நடக்கும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் 2011-ல் ஆரம்பித்தது. கொவிட் காரணமாக 2020-ல் நடக்கவில்லை. 2021-லும் முழு நிகழ்ச்சி நடத்த வழியில்லை, ஆனால் சும்மா விடாமல், பழைய ஆண்டுகளின் பேய் வீடுகள் எப்படி உருவாயின, உடைகள், முகமூடிகள் எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 2022-ல் பத்தாவது பதிப்பாக நிகழ்ச்சியே திரும்ப வந்தது. எனக்குப் பேய் வீடு ஒத்துவராது, மகன்தான் போவான். ஆனால் ரசிகனைக் காத்திருக்க வைக்கும்போது எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அந்தக் கண்காட்சி நல்ல பாடம் என்று நினைக்கிறேன். திரும்ப வராத நிகழ்ச்சிக்கும் அதைச் செய்யலாமே? பூங்காவில் ஒரு மூலையில் அந்தப் பனி இயந்திரத்தில் ஒன்றை வைத்து, நாலு படம் மாட்டி, இத்தனை டிசம்பர் இங்கே பனி பெய்தது என்று எழுதி வைத்தால் எத்தனை பேர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்!

வேலை செய்தவர்களைப் பற்றி இதுவரை வந்த கடிதங்களில் யாரும் எழுதவில்லை, அது எனக்குக் குறையாகப் பட்டது. 2012-ல் இரவு நேர விலங்குக் காட்சியகமான நைட் சஃபாரி தன் ஹாலோவீன் நிகழ்ச்சியை ரத்து செய்தது. வனவிலங்குப் பாதுகாப்பில் கவனம் செலுத்தப் போகிறோம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். விலங்குகள் நிம்மதியாக இருக்க வேண்டிய இடத்தில் ராத்திரி நேரத்தில் கூச்சலும் பேய் வேஷமும் எதற்கு என்று நானே கேட்டிருப்பேன். ஆனால் நிகழ்ச்சி தொடங்கச் சில வாரமே இருக்கும்போது அந்த முடிவு வந்தது. அதற்காகத் தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றி அப்போது எல்லாரும் பேசினார்கள். காரணம் சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் அடிபடுவது இளம்பிள்ளைகள்தான். என் மகனின் கூட்டாளிகளில் ஒருத்தி அந்த டிசம்பர் சம்பளத்தை நம்பிக் கல்லூரிச் செலவுக்குக் கணக்குப் போட்டிருந்தாள். நவம்பரில் இல்லை என்றால் அவள் வேறு எங்கே போய்த் தேடுவாள்? விடுமுறைக் கால வேலைகளெல்லாம் அதற்குள் நிரம்பிவிடும். ஜூலையில் ஒரு வரிச் செய்தி அனுப்பியிருந்தால் போதும். மூன்று வருஷம் ஈரக் காலணியோடு நின்ற பிள்ளைகளுக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை.

மறுபடியும் நடத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம் என்கிற வாசகருக்கும் ஒன்று. உங்கள் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் நான் கையெழுத்துப் போடத் தயங்குவேன். கட்டாயப்படுத்தித் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் அரைகுறையாகத்தான் வரும். நாலு இயந்திரம் இருந்த இடத்தில் ஒன்று, அரை மணி நேரம் இருந்த இடத்தில் ஐந்து நிமிஷம், அதற்குத் தனிக் கட்டணம். என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. செந்தோசாவில் 1982 முதல் இருந்த இசை நீரூற்று 2007-ல் நின்றது, அதற்குப் பதிலாகக் கடற்கரையில் வேறு காட்சி வந்தது, 2014-ல் அதுவும் போய் இன்னொன்று வந்தது. பழையதை அரைகுறையாக இழுத்துக்கொண்டு கிடக்காமல் முடித்துவிட்டுப் புதியதைச் செய்தார்கள், அது சரிதான். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்த நீரூற்றைப் பார்த்தவள் நான், அது போனதில் எனக்கு வருத்தமுண்டு, ஆனால் கோபமில்லை.

கோயில் திருவிழாவைப் பாருங்கள். கொடி ஏற்றித் தொடங்குவார்கள், முடியும்போது கொடியை இறக்குவார்கள். கொடி இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே நிற்கிற கூட்டம் உண்டு, என் அம்மா அதில் ஒருவர். திருவிழா முடிகிறதே என்று அழுதுகொண்டு யாரும் நிற்பதில்லை, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கொடியை இறக்காமல் எல்லாரும் தூங்கும் நேரத்தில் கழற்றிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு, அந்த இணையப் பக்கம் முகப்புக்குப் போய் நின்றபோது.

விடுதித் துறையில் வேலை பார்க்கும் என் தோழி இதற்கு ஒரு விளக்கம் சொன்னாள். நிறுத்துகிறோம் என்று சொன்னால் பூங்கா நொடித்துப் போகிறது என்று பேச்சுக் கிளம்பும், சொல்லாமல் விட்டால் திரும்பக் கொண்டுவர வழி திறந்தே இருக்கும், அதனால்தான் எல்லாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றாள். அவர்கள் பக்கத்து யோசனை அதுவாக இருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டதால் பேச்சுக் கிளம்பாமலா இருந்தது? இந்தப் பக்கத்திலேயே இரண்டு வாரமாக ஓடுகிறது. வழியைத் திறந்து வைக்க வேண்டுமென்றால், இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் பற்றி இன்னும் முடிவாகவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதுமே. அதைப் படித்துவிட்டு ஆண்டு அட்டை வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

மூன்றாம் வருஷம்தான் கடைசி என்று தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சக்கர நாற்காலியில்தான் கூட்டிப் போயிருப்பேன். தரை ஈரமாக இருந்தால் என்ன, துடைப்பத்தோடு நிற்கிறவனே அவர் பேரன். வார நாளில், கூட்டம் குறைந்த முதல் காட்சிக்குப் போய், ஓரமாக நிறுத்தி, ஒரு துண்டைத் தோளில் போர்த்தி, பத்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவ்வளவு சுலபமான காரியம் அது. போன டிசம்பரில் அம்மா நன்றாக நடந்தார், ஊன்றுகோல்கூட இல்லாமல் மின்தூக்கிவரை போனார். “சோப்புப் பனி எப்போ?” என்று கேட்டார். நின்றுவிட்டது என்று சொன்னேன். “போன வருஷமே போயிருக்கலாம்டி” என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அந்தப் பூங்காவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். நிகழ்ச்சி நிரந்தரமாக நின்றுவிட்டதா, ஆகஸ்டில் அட்டை புதுப்பித்தவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள், அங்கே வேலை செய்த பிள்ளைகளுக்கு ஒரு நன்றிக் கடிதமாவது அனுப்புவீர்களா என்று மூன்றே கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் அதை அப்படியே இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வைக்கிறேன், இடமிருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி